விண்ணப்பத்தில் இல்லாத ஒரு கட்டம்: வேலை பார்த்தபடியே தொடர்பியல் முதுகலை படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்





பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, முதுகலைச் சேர்க்கைக்கான பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்கு இந்த மடல். உங்களில் மாவட்டப் பதிப்புக்குப் பத்தாண்டுகளாகச் செய்தி அனுப்பும் நிருபர் இருக்கிறார். மருத்துவமனையில் மக்கள் தொடர்பு பார்ப்பவர், தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர், விளம்பர வாசகம் எழுதுபவர், அரசுப் பள்ளி ஆசிரியை, வங்கி எழுத்தர் எல்லோரும் இருக்கிறார்கள். இதழியல், தொடர்பியல் படிக்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்குப் புதிதல்ல. முதல் பட்டம் முடித்தபோதே இருந்தது. வீட்டு நிலைமை அன்று வேலைக்கு அனுப்பியது. இன்று ஆசை திரும்ப வந்திருக்கிறது.

அந்த விண்ணப்பம் என்னவெல்லாம் கேட்கிறது? பெயர், தாய் தந்தை பெயர், பிறந்த தேதி, சாதிப் பிரிவு, பட்டம் பெற்ற ஆண்டு, மதிப்பெண் சதவீதம். பிறகு ஒளிப்படமும் கையெழுத்தும், குறிப்பிட்ட அளவுக்குள் சுருக்கி ஏற்ற வேண்டும். இத்தனை கட்டங்களில் ஒன்று மட்டும் பெரும்பாலான தொலைநிலைப் படிப்பு விண்ணப்பங்களில் இருப்பதில்லை. "இதை எதற்காகப் படிக்கப் போகிறீர்கள், எந்தக் கேள்வியோடு வருகிறீர்கள்?" என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கட்டத்தை நீங்களே ஒரு வெள்ளைத் தாளில் போட்டு, நிரப்பிவிட்டு, அதன் பிறகு பணம் கட்டுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

அதற்கு முன், உங்களைத் தடுத்து நிறுத்தும் பழைய தயக்கத்தைப் பேசிவிடலாம். "கரஸ்ல படிச்சா மதிப்பு இருக்குமா?"

இந்தக் கேள்விக்கு வயது அறுபதுக்கு மேல். டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் இந்த வழியில் இறங்கின. 1985இல் இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் வந்தது. ரயில்வே ஊழியர்கள், தபால்காரர்கள், மில் தொழிலாளர்கள், திருமணத்தோடு படிப்பு நின்றுபோன பெண்கள் என்று இரண்டு மூன்று தலைமுறை இந்த வழியில் பட்டம் பெற்றுவிட்டது. தபாலில் வந்த பாடப் புத்தகக் கட்டைச் சணல் அவிழ்த்துப் பிரித்த நினைவு பல வீடுகளில் இன்னும் இருக்கிறது.

சட்டத்தின் நிலை இன்று தெளிவாக உள்ளது. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தொலைநிலையிலோ இணையவழியிலோ வழங்கும் பட்டம், வகுப்பறையில் படித்துப் பெற்ற பட்டத்துக்கு இணையானது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பர் 2 அன்று அறிவித்தது. ஆகவே மதிப்பு உண்டு. "அங்கீகாரம் பெற்ற" என்ற சொல்லில்தான் எச்சரிக்கை இருக்கிறது. அங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும்.

இந்த எச்சரிக்கையைப் புரிந்துகொள்ள, தொடர்பியல் படிக்க வருபவர்கள் யஷ்பால் என்ற பெயரை அறிந்திருப்பது நல்லது. காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்த இயற்பியலாளர் அவர். அகமதாபாத்தில் உள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் இயக்குநராக, 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை ஒரு பெரும் சோதனையை நடத்தினார். நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி போனது. வேளாண்மை, உடல்நலம், குடும்பநலம், பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் எல்லாம் அதில் ஒளிபரப்பானது. 'சைட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தச் சோதனை இல்லாமல் வளர்ச்சித் தொடர்பியல் பாடம் இந்தியாவில் நடப்பதில்லை.

அதே யஷ்பால் பின்னாளில் உச்ச நீதிமன்றப் படியேறினார். சத்தீஸ்கர் மாநிலம் 2002இல் இயற்றிய ஒரு சட்டத்தைப் பயன்படுத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் முளைத்தன. அவற்றில் பலவற்றுக்குக் கட்டடம் கிடையாது, ஆசிரியர் கிடையாது. பெயர்ப் பலகையும் சேர்க்கை விளம்பரமும் மட்டும் இருந்தன. யஷ்பால் தொடுத்த வழக்கில் 2005 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அந்தச் சட்டத்தின் உரிய பிரிவுகள் செல்லாது என்று நீதிமன்றம் அறிவிக்க, அந்தப் பல்கலைக்கழகங்கள் ஒரே நாளில் இல்லாமல் போயின. மக்களுக்குச் செய்தி எப்படிப் போய்ச் சேருகிறது என்று ஓராண்டு முழுக்க ஆய்ந்த மனிதர், மாணவர்களைப் பொய்ச் செய்தியிலிருந்து காப்பாற்றவும் முன்வந்தார்.

அடுத்த பாடம் 2017 நவம்பரில். நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதி பெறாமல் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்கள் உச்ச நீதிமன்றத்தில் சிக்கின. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. தனித் தேர்வு எழுதித் தேறினால்தான் அவை செல்லும் என்றானது. பட்டம் வாங்கி, அதை வைத்துப் பதவி உயர்வும் பெற்று, பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கும் வயதில் அவர்கள் மீண்டும் தேர்வுக்குத் தயாராக வேண்டியிருந்தது.

மூன்றாவது உதாரணம் நமது துறைக்குள்ளேயே நடந்தது. சென்னை தரமணியில் உள்ள அரசுத் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் முதல்வர் பதவி தொடர்பாக ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. முதல் பட்டம் பெறாமலேயே திறந்தநிலை முறையில் நேரடியாக முதுகலை வாங்கியிருந்தால் அது தகுதியாகுமா என்பதே கேள்வி. ஆகாது என்று 2009இல் தீர்ப்பு வந்தது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, இளங்கலை, முதுகலை என்ற வரிசை உங்களிடம் முழுமையாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு படி இல்லையென்றால், முதுகலைக்குத் தாவாமல் அந்தப் படியை முதலில் கட்டுவதுதான் சரி. அரசு வேலையோ கல்லூரி வேலையோ மனதில் இருப்பவர்களுக்கு இது மிக முக்கியம்.

இந்த மூன்று வழக்குகளும் சேர்ந்து விண்ணப்பதாரருக்கு நான்கு சோதனைகளைச் சொல்லித் தருகின்றன. முதலாவதாக, மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் பருவத்தில் எந்தப் படிப்பை நடத்தலாம் என்ற பட்டியலை வெளியிடுகிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் பட்டியலில் இருந்தால் போதாது. நீங்கள் சேரும் பருவமும், சேரும் படிப்பும் அதில் இருக்க வேண்டும். இரண்டாவதாக, மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று தன் எல்லைக்கு வெளியே தொலைநிலைப் படிப்பு நடத்த முடியாது. இக்னோவுக்கும், முழுமையாக இணையவழியில் நடக்கும் படிப்புக்கும் அந்த எல்லை இல்லை. மூன்றாவதாக, பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லித் தனியார் மையத்திடம் உரிமம் கொடுத்துப் படிப்பு நடத்துவதற்குத் தடை உண்டு. பேருந்து நிலைய மாடியில் இருக்கும் மையம் "எங்க மூலமா கட்டுங்க, எல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்றால், பணத்தை எடுக்காமல் படியிறங்கிவிடுங்கள். கட்டணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே போக வேண்டும். நான்காவதாக, சேர்க்கைக்கு மானியக் குழு விதிக்கும் கடைசித் தேதி. அது முடிந்த பிறகு "பழைய தேதி போட்டுச் சேர்த்துவிடுகிறோம்" என்று சொல்லும் எவரும் உங்கள் நண்பர் அல்ல.

சரி, இடம் சரியானது என்று உறுதியாகிவிட்டது. அடுத்தது நேரம்.

படிப்பில் சேர்ந்து பாதியில் நிற்பவர்கள் பெரும்பாலும் அறிவுக் குறைவால் நிற்பதில்லை. கணக்குப் போடாமல் சேர்ந்ததால் நிற்கிறார்கள். கணக்கு எளிது. ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு என்பது இக்னோவின் அளவு. பாடம் படிப்பது, ஒலி ஒளிப் பாடங்கள் கேட்பது, ஆலோசனை வகுப்புக்குப் போவது, அசைன்மென்ட் எழுதுவது எல்லாம் அந்த 30 மணிக்குள் அடக்கம். முதுகலைக்கு 80 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 2,400 மணி நேரம். இரண்டாண்டில், அதாவது 104 வாரத்தில் முடிக்க நினைத்தால் வாரத்துக்கு 23 மணி நேரம் வேண்டும். நாள்தோறும் இரண்டரை மணி நேரம் படித்து, ஞாயிறு முழுவதும் உட்கார்ந்தால்தான் அது நடக்கும். மூன்றாண்டு என்றால் வாரத்துக்குப் பதினைந்தரை மணி நேரம். நான்காண்டு என்றால் பதினொன்றரை. தினம் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணி நேரம்.

இரண்டாண்டு முதுகலையை முடிக்க இக்னோ நான்காண்டு வரை அவகாசம் தருகிறது. இந்த அவகாசம் தோற்றவர்களுக்கான சலுகை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது உங்களைப் போன்றவர்களுக்காகவே வைக்கப்பட்டது. தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கிறது. உங்கள் அலுவலகத்தில் மார்ச் கணக்கு முடிப்பு என்றால், டிசம்பரில் அதிகத் தாள், ஜூனில் குறைந்த தாள் என்று பிரித்துக்கொள்ளலாம். ஆசிரியை என்றால் கோடை விடுமுறையை ஜூன் தேர்வுக்குக் கொடுக்கலாம். தேர்தல் ஆண்டில் நிருபர் ஒருவர் இரண்டு தாளோடு நிறுத்திக்கொண்டால் அவமானம் ஒன்றுமில்லை. சேரும் அன்றே நாட்காட்டியில் இதைக் குறித்து, வீட்டில் உள்ளவர்களுக்கும் காட்டிவிடுங்கள். குறிப்பாகப் பெண்கள் இதைச் செய்ய வேண்டும். தேர்வு வாரத்தில் சமையல் யார், பிள்ளையைப் பள்ளியில் விடுவது யார் என்பது கட்டணம் கட்டும் முன்பே பேசி முடிவாக வேண்டிய விஷயம். ஹால் டிக்கெட் வந்த பிறகு பேசினால் சண்டையில்தான் முடியும்.

இப்போது அந்த இல்லாத கட்டத்துக்கு வரலாம். எந்தக் கேள்வியோடு படிக்கப் போகிறீர்கள்?

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் 1931இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் எவரெட் ரோஜர்ஸ். அவருடைய தந்தைக்குப் புதிய இயந்திரங்கள் என்றால் ஆசை. ஆனால் ஒட்டுரகச் சோள விதையை மட்டும் நம்பமாட்டார். 1936இல் கடும் வறட்சி வந்தது. பக்கத்து வயல்களில் ஒட்டுரகச் சோளம் நின்றது. ரோஜர்ஸ் வீட்டு வயல் வாடிப்போனது. நல்லது என்று தெரிந்த ஒன்றை ஒரு மனிதர் ஏன் ஏற்க மறுக்கிறார் என்ற கேள்வி அந்தப் பையனோடு வளர்ந்தது. 1962இல் புதுமைகள் பரவும் விதம் பற்றி அவர் எழுதிய நூல், உலகெங்கும் தொடர்பியல் வகுப்புகளில் இன்று பாடம்.

அவருக்கு முன்பே, 1943இல், பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்ற இருவர் அதே ஐயோவாவில் 259 விவசாயிகளிடம் இந்தச் சோளத்தைப் பற்றி விசாரித்திருந்தார்கள். ஒட்டுரக விதையைப் பற்றி விவசாயிகள் பெரும்பாலும் முதலில் கேள்விப்பட்டது விதை விற்பனையாளர் மூலம். விதைக்க முடிவு செய்தது, பக்கத்து வயல்காரர் சொன்ன பிறகு. தடுப்பூசி பற்றிப் பேசிப் பேசித் தொண்டை வறண்ட கிராம சுகாதார செவிலியர் ஒருவர் இந்த ஆய்வைப் படித்தால், தன் ஊரையே அதில் பார்ப்பார். வேலை பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இந்தப் படிப்பு தரும் பெரிய பலன் இதுதான். இருபத்தோரு வயது மாணவர் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் கோட்பாடு, உங்களுக்கு நேற்று மாலை நடந்த சம்பவத்தின் விளக்கமாக வந்து நிற்கும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்துச் சன்னலில் மாத்திரை கொடுக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதம் ஒருமுறை மாத்திரை வாங்க வரும் பாட்டிகள் வரிசையில் நிற்கிறார்கள். உறைகளின் மேல் அவர் 1-0-0, 0-0-1 என்று எழுதுகிறார். வாங்குகிற பாட்டிக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. அதனால் "வெள்ளை மாத்திரை காலையில, ரோஸ் மாத்திரை ராத்திரி" என்று வாயால் சொல்லி அனுப்புகிறார். அடுத்த மாதம் வேறு நிறுவனத்தின் மாத்திரை வருகிறது. மருந்து அதேதான், நிறம் மாறிவிட்டது. பாட்டி குழம்பி, இரண்டையும் காலையிலேயே போட்டுக்கொள்கிறார். மருந்தாளுநர் யோசித்து, இரவு மாத்திரை அட்டையின் மூலையைக் கத்தரியால் வெட்டிக் கொடுக்கத் தொடங்குகிறார். விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும். வெட்டுப்பட்ட அட்டை இரவுக்கு.

அந்தக் கத்தரி வெட்டு ஒரு தொடர்பியல் கண்டுபிடிப்பு. குறியீடு, செய்தி, இரைச்சல், பெறுபவர், பின்னூட்டம் என்று பாடப் புத்தகம் பிரித்துச் சொல்லும் அத்தனையும் அந்தச் சன்னலில் இருக்கிறது. இந்த மனிதர் முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போது, "சிறு வயது முதலே எனக்கு ஊடகத்தில் ஆர்வம் உண்டு, சமுதாயத்துக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்" என்று எழுதினால், கையில் இருக்கும் பொன்னைப் போட்டுவிட்டுப் போகிறார். "எழுதப் படிக்கத் தெரியாத நோயாளிகள் மாத்திரைகளை எப்படி அடையாளம் காண்கிறார்கள்? மருந்தின் நிறம் மாறும்போது என்ன நடக்கிறது?" என்று இரண்டு வரி எழுதினால், அவருடைய ஆய்வேட்டின் தலைப்பு அன்றே பிறந்துவிடுகிறது.

உங்கள் சன்னல் எது? வங்கி எழுத்தருக்கு அது, கடவு எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற குறுஞ்செய்தி தினமும் வந்தும் ஏமாறும் வாடிக்கையாளர். ஆசிரியைக்கு, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பள்ளி அறிவிப்பு மூன்று விதமாகப் புரிந்துகொள்ளப்படுவது. நிருபருக்கு, தன் மாவட்டத்தின் சாதி மோதல் செய்தி தலைமை அலுவலகத்தில் எந்தச் சொல்லை இழந்து எந்தச் சொல்லைப் பெற்று அச்சேறுகிறது என்பது. ஒரு பக்கம் போதும். நாள், இடம், நடந்தது, புரியாதது என்று எழுதிவையுங்கள். இணையவழிப் படிப்பிலோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலோ நோக்க அறிக்கை கேட்டால் அந்தப் பக்கமே அதன் முதல் வரைவாகும். பின்னாளில் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் போனால் நேர்காணலில் அதுவே கைகொடுக்கும்.

தமிழ் இதழியலும் இப்படித்தான் தன் பாடநூல்களைப் பெற்றது. 1942இல் மதுரையில் தந்தி நாளிதழைத் தொடங்கிய சி.பா.ஆதித்தனார், தன் செய்தியாளர்கள் எப்படி எழுத வேண்டும் என்று 'இதழாளர் கையேடு' எழுதினார். படிப்பவருக்குப் புரியும் தமிழ் எது என்று அன்றாடம் அச்சுக்கூடத்தில் போராடியவரின் புத்தகம் அது. ராணி வார இதழின் ஆசிரியராக இருந்த அ.மா.சாமி, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் இதழ்களின் வரலாற்றைத் தேடித் தொகுத்தார். ஆய்வாளர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். வாரா வாரம் இதழை அச்சுக்கு அனுப்ப வேண்டிய ஒருவர் செய்த வேலை அது.

எல்லோருக்கும் இந்தப் படிப்பு பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு கற்க வேண்டும் என்பதே உங்கள் விருப்பம் என்றால், தொலைநிலை முதுகலை உங்களை ஏமாற்றும். கருவியைத் தொடாமல் கருவி வராது. அதற்குக் குறுகிய காலப் பயிற்சியோ முழுநேர விஸ்காம் படிப்போதான் வழி. அதே சமயம், தொலைநிலையில் படிப்பவர் கைப்பழக்கத்தை வெளியே தேடிக்கொள்ளலாம். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2004 பிப்ரவரி 1 அன்று தொடங்கிய அண்ணா எஃப்.எம். இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி. அதன்பின் தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் இத்தகைய வானொலிகள் வந்துவிட்டன. உள்ளூர் மக்களின் குரல் அவற்றுக்குத் தேவை. வாரம் ஒரு அரைமணி நிகழ்ச்சி தயாரித்துக் கொடுங்கள். ஓராண்டில் ஒலி உங்கள் வசமாகும்.

படிப்பு பிடிக்குமா என்ற சந்தேகம் இருந்தால், பணம் கட்டாமலே சோதித்துப் பார்க்கலாம். 2017இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வயம் தளத்தில் தொடர்பியல் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பன்னிரண்டு வாரப் பாடம் ஒன்றை முதல் வாரம் முதல் கடைசி வாரம் வரை விடாமல் பாருங்கள். அந்தப் பன்னிரண்டு வாரம் தாக்குப்பிடித்தால் முதுகலையும் தாக்குப்பிடிக்கும்.

கல்லூரியில் கற்பிக்க வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு எண்கள் நினைவில் இருக்கட்டும். நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வு எழுத முதுகலையில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், வசதி படைத்த பிரிவில் (கிரீமி லேயர்) வராத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்கு 50. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டும் எழுதினால் வயது வரம்பு கிடையாது. நாற்பத்தைந்திலும் எழுதலாம். முனைவர் பட்டத்தைத் தொலைநிலையில் பெற முடியாது, ஆனால் பகுதிநேரமாகப் பெறலாம். 2022 நவம்பரில் வந்த விதிமுறைகள் அதற்கு வழி செய்கின்றன. பகுதிநேர ஆய்வுக்கு அனுமதிக்கிறோம், ஆய்வுக்கு நேரம் ஒதுக்க வேலை இடம்தரும், தேவைப்பட்டால் பாடநெறிக்கு விடுவிக்கிறோம் என்று வேலை கொடுப்பவர் தடையின்மைச் சான்று தர வேண்டும். முதுகலையில் சேரும்போதே அலுவலகத்திடம் எழுத்தில் தெரிவித்துவிடுவது இதற்கெல்லாம் அடித்தளம். அரசு ஊழியர்கள் முன் அனுமதியை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். படித்து முடித்த பின் பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்ற முடியாமல் அலைவதைவிட, இப்போது ஒரு கடிதம் எழுதுவது எளிது.

விண்ணப்பத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. அது முன்னெழுத்து. பட்டச் சான்றிதழில் ஓர் எழுத்துதான் இருக்கும். ஆதாரில் தந்தையின் முழுப் பெயர் பின்னால் வந்து நிற்கும். வங்கிக் கணக்கில் கணவர் பெயர் சேர்ந்திருக்கும். இப்போது சேர்க்கைக்கு முன் கல்விக் கிரெடிட் வங்கி (ஏபிசி) எண்ணும் தொலைநிலைக் கல்விப் பிரிவின் அடையாள எண்ணும் உருவாக்க வேண்டியிருக்கிறது. அங்கே பெயர் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் கடைசி நாளில் கை பிசைய நேரும். ஒரு மாதம் முன்பே பீரோவைத் திறந்து, பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரை எல்லாச் சான்றிதழ்களையும் தரையில் பரப்பி, பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மதிப்பெண் பட்டியல் தொலைந்திருந்தால் நகல் கேட்டு விண்ணப்பிக்க அப்போதுதான் நேரம் இருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். விடை எழுதிய அசைன்மென்டுகள் விலைக்குக் கிடைக்கின்றன; கைப்பேசியைத் தேடி வந்தே விற்கிறார்கள். மொத்த மதிப்பீட்டில் அசைன்மென்டின் பங்கு பொதுவாக 30 சதவீதம். களைத்துப்போன இரவில் அதை வாங்கிவிடலாம் என்று தோன்றும். வாங்காதீர்கள். ஆசிரியர் உங்கள் எழுத்தைப் படித்துக் கருத்துச் சொல்வதற்குத் தொலைநிலைப் படிப்பில் இருக்கும் வாய்ப்புகள் மிகக் குறைவு. அசைன்மென்ட் அவற்றில் ஒன்று. மருந்துச் சன்னலில் பார்த்தது, வகுப்பறையில் கேட்டது, செய்தி மேசையில் வெட்டுப்பட்டது எல்லாம் அதில்தான் முதல்முறையாகக் கட்டுரையாக உருவெடுக்கும். யாரோ எழுதிய விடையில் உங்கள் ஊர் இருக்காது.

தமிழ்நாட்டின் மருத்துவமனை, பள்ளி, வங்கி, பஞ்சாயத்து அலுவலகம், செய்தி மேசை எல்லாவற்றிலும் செய்தி எங்கே தடுக்கி விழுகிறது என்று அறிந்தவர்கள் நீங்கள். அந்த அறிவு இன்னும் பெரும்பாலும் எழுதப்படவில்லை. அது ஆய்வேடுகளாக, கட்டுரைகளாக, பாடங்களாக மாற வேண்டும் என்பதால்தான் இத்தனை வற்புறுத்தல்.

இந்த வாரம் அந்த ஒரு பக்கத்தை எழுதுங்கள். அடுத்த வாரம் சான்றிதழ்களைச் சரிபாருங்கள். அதற்கடுத்த வாரம் மானியக் குழுவின் பட்டியலைப் பாருங்கள். அதன் பிறகு விண்ணப்பியுங்கள். சேர்க்கை ஆண்டுக்கு இருமுறை, ஜனவரிப் பருவத்துக்கும் ஜூலைப் பருவத்துக்கும் நடக்கிறது. இந்தமுறை தவறினால் அடுத்தது ஆறு மாதத்தில் வரும்.

அன்புடன்,
உங்களைப் போலவே வேலைக்கு நடுவே படித்த ஒருவர்